ஊற்றைத் தோண்டிய அழுங்கு

அந்தக் காலத்தில், மலையில் நடப்பவையும் ஊர்பவையும் மனிதரோடு ஒரே பேச்சைப் பேசிக்கொண்டிருந்தபோது, அழுங்கு என்னும் எறும்புதின்னியைப் போலத் தலை நிமிர்ந்து நடந்த விலங்கு வேறு இல்லை. எறும்புப் புற்றைக் கிளறுவதற்கென்று வாய்த்த நகங்களை அது வேறொன்றுக்கும் பயன்படுத்தியது. எதைப் பற்றிச் சந்தேகம் வந்தாலும் தோண்டிப் பார்த்துவிடும்.

அதனால் மலைக்கு நன்மையும் உண்டானது. ஒரு வருடம் சரிவில் நின்ற பெரிய பலாமரம் காரணமில்லாமல் பட்டுக்கொண்டே வந்தது. காட்டுத் தெய்வத்துக்குக் கோபம் என்று எல்லாரும் பயந்தார்கள். அழுங்கு மட்டும் வேரடியைத் தோண்டி, உள்ளே குடைந்துகொண்டிருந்த புழுக்களை அள்ளி வெளியே போட்டது. அடுத்த மழைக்கு மரம் துளிர்த்தது. அன்றிலிருந்து எந்த வழக்கு வந்தாலும், "அழுங்கு அண்ணாவைக் கேளுங்கள்" என்பார்கள். கேட்கக் கேட்க அதன் தலை இன்னும் நிமிர்ந்தது.

பலாமரத்துக்குக் கீழே, பாறை இடுக்கில் ஓர் ஊற்று இருந்தது. சுற்றிலும் கோரை அடர்ந்திருக்கும். மலைக்குடியைச் சேர்ந்த கெம்பி என்ற பெண் தினமும் காலையில் அங்கே வருவாள். ஒரு பூவை வைத்து, கண்ணை மூடி, "அம்மா, தண்ணி எடுத்துக்கிறேன்" என்று கேட்டுவிட்டு, கீழே வழிந்து வரும் இடத்தில்தான் குடத்தை வைப்பாள். ஊற்றுக்குள் யாரும் கால் வைக்கக் கூடாது, கோரையைப் பிடுங்கக் கூடாது. யானை முதல் முயல் வரை எல்லாம் அந்தக் கட்டுக்கு அடங்கித்தான் குடித்தன.

ஒரு நாள் அழுங்கு அவளை மறித்துக் கேட்டது.

"அம்மிணி, உள்ளே அம்மா இருக்கிறாள் என்கிறாயே, நீ பார்த்திருக்கிறாயா?"

"இல்லைண்ணா."

"பார்க்காமல் எப்படித் தெரியும்?"

கெம்பி யோசித்தாள். "கூப்பிட்டா மனசு நெறைஞ்சு போகுது. அப்போ தெரியும்."

தண்ணீர் குடிக்க வந்திருந்த காட்டுப்பன்றிகள் சிரித்தன. அழுங்கும் சேர்ந்து சிரித்தது.

மறுநாள் உச்சி வெயிலில் அது ஊற்றுக்குள் இறங்கியது. கோரையை வேரோடு பெயர்த்தது. மணலை வாரிப் பின்னால் எறிந்தது. பாறை தெரியும் மட்டும் தோண்டிவிட்டு, மலை முழுக்கக் கேட்கும்படி கூவியது.

"வாருங்கள், வந்து பாருங்கள்! உள்ளே ஒரு விரிசல், கொஞ்சம் மணல், அவ்வளவுதான். அம்மாவும் இல்லை, ஆத்தாவும் இல்லை."

எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். அழுங்கு சொன்னது உண்மை. கெம்பியும் குனிந்து பார்த்தாள். கையிலிருந்த பூவை எங்கே வைப்பதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு அதைக் கையிலேயே கசக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள். எல்லாரும் தன்னைப் பார்க்கிறார்கள் என்ற மகிழ்ச்சியில் அழுங்கு அவளைக் கவனிக்கவில்லை.

இனி யாருக்குப் பயம்? காட்டுப்பன்றிகள் முதலில் இறங்கிப் புரண்டன. காட்டெருமைகள் நின்ற இடத்திலேயே சாணமிட்டன. மிச்சமிருந்த கோரையை மான்கள் மேய்ந்தன. கோடை வந்தபோது ஊற்று குழம்பி, பச்சை படர்ந்து, நாற்றமெடுத்துக் கிடந்தது. சொட்டுச் சொட்டாகத்தான் தண்ணீர் கசிந்தது. மலையில் வேறு நீரும் இல்லை.

ஒரு மாலையில் கடமான் ஒன்று அழுங்கின் வளை வாசலில் வந்து நின்றது.

"அண்ணா, என் குட்டி அந்தத் தண்ணியைக் குடிச்சுட்டு எழுந்திருக்க மாட்டேங்குது. முன்னே உள்ளே என்ன இருக்குன்னு பார்த்துச் சொன்னீங்களே. இப்போ என்ன இருக்குன்னும் பார்த்துச் சொல்லுங்க."

அழுங்கு ஓடியது. தனக்குத் தெரிந்த ஒரே வழியில் மறுபடியும் தோண்டியது. இம்முறை மெதுவாக, ஒவ்வொரு பிடி மண்ணையும் முகர்ந்து பார்த்தது. மிதிபட்ட சேறும் சாணமும் விரிசலை அடைத்திருந்தன. அழுக்கைப் பிடித்து நிறுத்த வேண்டிய மணல் இல்லை. மணலைப் பிடித்து நிறுத்த வேண்டிய வேர் இல்லை. கால் படாத வரைக்கும் இந்த ஊற்று தன்னைத் தானே சுத்தம் செய்துகொண்டிருந்திருக்கிறது. அத்தனை கால்களையும் தடுத்து நிறுத்தியது அந்தப் பெண்ணின் ஒரு பூவும் ஒரு சொல்லும்தான். முதலில் கிழிபட்ட வேர் காய்ந்து கிடந்தது. அதில் இருந்தது பன்றிப் பல்லின் தடம் அல்ல, தன் நகத்தின் கீறல்.

விடை தெரிந்துவிட்டது. சொல்லத் திரும்பியபோது கடமான் அங்கே இல்லை. மேட்டில், அசையாத தன் குட்டியை நக்கிக்கொண்டிருந்தது.

அழுங்கு கெம்பியின் குடிசைக்குப் போனது. வாசலில் நின்று, தான் கண்டதையெல்லாம் சொன்னது.

"மறுபடியும் வந்து பூ வை, அம்மிணி. நீ கூப்பிட்டால் எல்லாரும் அடங்குவார்கள்."

"நீ ஒண்ணும் பொய் சொல்லலையே, அண்ணா. கல்லுதான் இருந்துச்சு. நானும் பார்த்தேனே." கெம்பி கோபப்படவில்லை. "ஆனா இப்போ கண்ணை மூடினா அந்தக் கல்லுதான் தெரியுது. கூப்பிட வாய் வர மாட்டேங்குது."

அழுங்குக்கு அந்த வாசலில் நிற்கவும் முடியவில்லை, திரும்பிப் போகவும் முடியவில்லை. இந்த நகத்தால் எதை வேண்டுமானாலும் தோண்டி எடுக்கலாம். இவளிடமிருந்து எடுத்ததை எப்படித் திருப்பி வைப்பது?

கெம்பிதான் முதலில் எழுந்தாள். "வா. தண்ணிக்காவது வழி பண்ணுவோம்."

வறண்டு கிடந்த ஓடைகளில் எதன் மணல் வேண்டும், கோரையை எந்த ஈரத்தில் நட்டால் பிடிக்கும் என்று அவளுக்குத் தெரியும். விரிசல் எங்கே அடைபட்டிருக்கிறது என்று அழுங்குக்குத் தெரியும். இருவரும் சேர்ந்து வேலை செய்தார்கள்; கடமான் குட்டிக்கு நேர்ந்ததைக் கண்ட விலங்குகள் விலகியே நின்றன. அவள் "போதும்" என்ற இடத்தில் அது நகத்தை நிறுத்தியது. மழை பெய்து, கோரை வேர்பிடித்து, ஊற்று தெளிந்தது. ஒரு காலையில் கெம்பி பூவோடு வந்தாள். மலையே பார்த்துக்கொண்டிருந்தது. அவள் பூவை வைத்தாள், கண்ணை மூடினாள். உதடுகள் அசையவில்லை. வெகுநேரம் அப்படியே நின்றுவிட்டு, குடத்தை நிரப்பிக்கொண்டு திரும்பினாள்.

அவள் காலடி தன் பக்கம் வருவதைக் கேட்டதும் அழுங்கு முகத்தை வயிற்றுக்குள் புதைத்து, அதன்மேல் வாலைச் சுற்றிக்கொண்டு உருண்டையாகிவிட்டது.

"எழுந்திருண்ணா. நீ இல்லைன்னா அடைப்பு எங்கேன்னு யாருக்குத் தெரிஞ்சிருக்கும்?" என்றாள் கெம்பி.

உருண்டை பிரியவில்லை. அவள் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள்.

அன்று முதல்தான் அழுங்கு, தோண்டாமல் பிழைக்க முடியாத உயிராக இருந்தும், நடக்கும்போது மண்ணில் கீறல் விழாதபடி முன்னங்கால் நகங்களை உள்ளுக்கு மடக்கிக்கொண்டு நடக்கிறது. மனிதக் காலடி கேட்டால் போதும், முகத்தை மறைத்துச் சுருண்டுகொள்கிறது.