தூத்துக்குடியிலிருந்து நேரலை

பர்வீனிடம் தொழில் கற்க வந்த சிகாமணி அவளைவிட வயதில் மூத்தவர். பாதி ஆயுளைக் கல்யாண வீடியோவில் கழித்துவிட்டு டிவிக்கு வந்தவர். நெக்லஸில் ஒரு கல் தெரியாமல் போனாலும் பெண் வீட்டார் சண்டைக்கு வருவார்கள் என்று பயந்தே வாழ்ந்த மனிதர் வேறு எப்படி இருப்பார்? படம் பளிச்சென்று இருக்க வேண்டும். அவருக்கு வேறு சாமி கிடையாது.

அன்று மாலை, பிரிந்தவர்களைப் பேசவைக்கும் ஒரு நிகழ்ச்சி, நேரலையில். தூத்துக்குடியில் சவரியப்பன், சென்னை ஸ்டுடியோவில் அவர் மகள் பெனிட்டா. மனதுக்குப் பிடித்தவனை அவள் கட்டிக்கொண்டு போன நாளிலிருந்து அப்பாவும் மகளும் பேசியதில்லை.

சவரியப்பன் வீட்டில் என்கோடரோடு உட்கார்ந்திருந்தார் சிகாமணி. படத்தைச் சுருக்கி ஸ்டுடியோவுக்கு அனுப்பும் பெட்டி அது. சில படங்களைக் கையில் நிறுத்தி, முன்னும் பின்னும் ஒப்பிட்டுப் பார்த்து அனுப்பச் சொன்னால் துல்லியமாகப் போகும். தாமதமாகவும் போகும். இங்கேயும் சரி, ஸ்டுடியோவிலும் சரி, அவர் அப்படித்தான் அமைத்து வைத்திருந்தார்.

சவரியப்பன் பெட்டியை எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"நா பேசுனதும் அவ பேசணும். யோசிச்சான்னா எந்திச்சுப் போயிருவேன்" என்றார்.

சிகாமணி ஸ்டுடியோவில் இருந்த பர்வீனைத் திரையில் கூப்பிட்டார்.

"மேடம், படம் பிரமாதமா இருக்கு. தாமதத்தைக் குறைச்சா கெட்டுப்போகும். எது சரி?"

சற்றுக் கழித்துப் பதில் வந்தது.

"அது இருக்கட்டும்ணே. ரொம்ப நாளா என்கிட்ட எதையோ கேக்க நினைக்கிறீங்க. அதை இப்ப கேளுங்க."

சிகாமணி நெளிந்தார். பிறகு கேட்டே விட்டார்.

"இந்த வயசுல நான் இதுக்கு லாயக்கா மேடம்?"

பதில் இல்லை. திரையில் அவள் முகம் சலனமில்லாமல் அவரையே பார்த்தது. பாவம், அவருக்கு வியர்த்துவிட்டது.

"பரவாயில்ல மேடம். புரியுது" என்று ஹெட்போனைக் கழற்றப் போனார்.

அப்போதுதான் அவள் சிரித்தாள்.

"என்ன கேள்விண்ணே இது? உங்களை விட்டா எனக்கு யாரு?"

"அதுக்கா இவ்வளவு நேரம் யோசிச்சீங்க?"

மறுபடியும் அதே மௌனம். பிறகு அவள் குரல்.

"நான் யோசிக்கவே இல்லையே. கேட்டதும் சொல்லிட்டேன்."

சிகாமணி திரும்பிச் சவரியப்பனைப் பார்த்தார். பிறகு எதையும் நிறுத்தி வைக்காதபடி பெட்டியை மாற்றினார். அங்கே பர்வீனும் மாற்றினாள். படம் மங்கியது. அவர் திரையிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மாலையில் சவரியப்பன் திரையில் தெரிந்த மகளின் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

"கிறிஸ்மஸுக்கு வாரியா?"

"வாரேம்ப்பா."

கேட்ட வாய் மூடுவதற்குள் வந்துவிட்டது பதில். அத்தனை வீம்பு பிடித்த மனிதர் துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார்.

நிகழ்ச்சி முடிந்ததும் சிகாமணி ஹெட்போனில் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"மேடம், அவரு அழுதப்போ சட்டையில இருந்த கட்டமெல்லாம் குழம்பிப்போச்சு. பார்த்தீங்களா?"

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"கட்டம் போட்ட சட்டையாண்ணே போட்டிருந்தாரு?"