ஒரு கூடைக்கு ஒரு மண்டபத்து வரி

செங்குளத்தூர் வரி அமைச்சர் அனந்தமூர்த்திக்கு ஒருநாள் மதியத் தூக்கம் வரவில்லை. ஊருக்குப் பிடித்தது சனி. கடை எவ்வளவு சின்னதாக இருந்தாலும் சரி, அது எந்தக் கட்டடத்துக்குள் இருக்கிறதோ அந்தக் கட்டடம் முழுவதற்கும் கடைக்காரரே வரி கட்ட வேண்டும் என்று ஓர் ஆணையை எழுதிவிட்டார். அரசர் முத்துவிசயர் அதைப் படித்தாரா என்ன? கொட்டாவி விட்டபடியே முத்திரை குத்தினார்.

சந்தை மண்டபத்து மூலையில் ஒற்றைக் கூடையோடு வெற்றிலை விற்கிறவள் செவந்தி. இப்போது மண்டபம் மொத்தமும் அவள் தலையில். கட்டாவிட்டால் கூடையைத் தூக்கிக்கொண்டு ஊரைவிட்டே போக வேண்டியதுதான். அரசவை விகடக்காரி வடிவாம்பாளிடம் வந்து அழுதாள். வடிவாம்பாளுக்கு உச்சிவரைக்கும் எரிந்தது. தூண் மேல் உட்கார்ந்திருக்கிற புறாவும் உன் சரக்காடி என்று கேட்டுவிட்டு, அந்தக் கூடையை இரவல் வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் காலை கூடையோடு சபை நடுவில் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். கொழுந்து வெற்றிலையைக் கண்டதும் அரசருக்கு நாக்கு ஊறியது. கையை நீட்டினார்.

“காசு, மகாராஜா.”

“என்னிடமேவா?”

“இன்னும் போணி ஆகவில்லையே. முதல் வியாபாரத்தையே ஓசியில் கொடுத்தால் பொழுது முழுக்க ஈ ஓட்ட வேண்டியதுதான்.”

அரசர்கள் மடியில் காசு வைத்துக்கொள்வது வழக்கமில்லை. அமைச்சரிடம் கைமாற்று வாங்கிக் கொடுத்தார். வடிவாம்பாள் அதைக் கண்ணில் ஒற்றி இடுப்பில் செருகிக்கொண்டாள். இங்கே வியாபாரம் நடந்ததா என்று அமைச்சரையே கேட்டாள். தானாக வந்து மாட்டிக்கொண்டாளே என்று அவருக்கு ஒரே குஷி. தூணில் சாய்ந்தபடி, இந்தச் சபை முழுவதற்கும் நீதான் வரி கட்ட வேண்டும் என்றார்.

“கட்டுகிறேன். ஒரு சாண் விடாமல் எல்லாம் என் கடைதானே?”

“சந்தேகமென்ன?”

“அப்படியானால் என் தூணில் சாயாதீர்கள்.”

அமைச்சர் விலுக்கென்று நிமிர்ந்தார். அவள் அரசர் பக்கம் திரும்பினாள்.

“வாங்கியாயிற்று அல்லவா? கொஞ்சம் எழுந்திருங்கள். அந்த ஆசனத்தில் பாக்குத்தட்டை வைக்க வேண்டும்.”

சபையில் எல்லோரும் அரசர் முகத்தையே பார்த்தார்கள். அரசரோ வெற்றிலைச் சாறு தாடியில் வழிய வழியச் சிரித்தார். சிரித்து முடித்ததும் ஆணையை மாற்றினார். கூடை உட்கார்ந்திருக்கிற இடத்துக்கு மட்டும்தான் இனி வரி; செவந்திக்கும் அப்படியே. கஜானா என்னாவது என்று அமைச்சர் முனகியது யார் காதிலும் விழவில்லை.

“உனக்கு என்ன பரிசு வேண்டும், வடிவாம்பாள்?”

“பரிசு கிடக்கட்டும், மகாராஜா. நீங்கள் இன்னும் எழுந்திருக்கவில்லை.”