ஜுலைகா வீட்டு ரோபோ

ஒரு ஊர்ல ஒரு பொண்ணு இருந்தா. பேரு ஜுலைகா. மூணாங்கிளாஸ் படிக்கிறா. வாய்னா வாய், அப்படி ஒரு வாய். ம் கொட்டு, தங்கம்... ம்.

ஒரு நாள் பள்ளிக்கூடத்துல புள்ளைங்க எல்லாம் வீட்டுப் பெருமை பேசுதுங்க. ஒருத்தி வீட்டுல கிளி பேசுமாம். இன்னொருத்தி வீட்டுல லிஃப்ட் இருக்காம். ஜுலைகாவால சும்மா இருக்க முடியுமா? "எங்க வீட்டுல ரோபோ இருக்கு. நானே செஞ்சது!"ன்னு விட்டா ஒரு புளுகு.

அப்போ அவ கூட்டாளி முத்துச்செல்வி, "அப்படியாட்டி? ஞாயித்துக்கிழமை நாங்க எல்லாரும் பாக்க வாரோம்"னுட்டா.

அவ்வளவுதான், ஜுலைகா வசமா மாட்டிக்கிட்டா. அப்புறம் நேரா அவ வாப்பாவோட தம்பிகிட்ட ஓடுனா. "சாச்சா, பொறந்தநாளுக்கு வாங்கித் தாறேன்னீங்களே, அது இப்பவே வேணும். ரோபோ கிட்!"

கிட்னா என்ன தெரியுமா? டப்பாக்குள்ள பாகம் பாகமா கிடக்கும். நாமதான் மாட்டிச் செய்யணும். ம்.

சனிக்கிழமை டுர்ர்ர்னு சாச்சா ஸ்கூட்டர்ல ரெண்டு பேரும் கடைக்குப் போனாங்க. கடைக்கார அக்கா, "பிரிச்சுப் பாத்தே எடுத்துக்கோ"ன்னு மூணு டப்பாவக் கொண்டாந்து வச்சாங்க.

மொத டப்பா ஜுலைகா இடுப்பு உசரம். மேல மனுசன் மாதிரி ரோபோ படம். "இதுதான் வேணும்!" தொறந்தா, கலகலகலன்னு கொட்டுது திருகாணியும் பல்சக்கரமும். தரையில உக்காந்து கிரீச் கிரீச்னு திருகுறா, திருகுறா... வேர்த்து வழிஞ்சதுதான் மிச்சம். வந்தது ஒரே ஒரு கட்டைவிரல்!

"அக்கா, முழுசா முடிக்க எவ்வளவு நாளாகும்?"

"பெரியவங்களுக்கே ஒரு மாசமாகும்மா."

நாளைக்கில்ல ஞாயித்துக்கிழமை! வச்சிட்டா.

அப்புறம் ரெண்டாவது டப்பா. அதுல ஒரு நாய். வாலை மட்டும் மாட்டுனாப் போதும். பட்டனத் தட்டுனா லொள் லொள்! உக்காருது, தலையாட்டுது. ஜுலைகாவுக்குக் கண்ணு விரிஞ்சுது. 'நான் செஞ்சேன்னு சொல்லிடலாம், யாருக்குத் தெரியும்?' இன்னொரு தடவை தட்டுனா. லொள் லொள். உக்காருது, தலையாட்டுது. இன்னொரு தடவை. அதே லொள் லொள்தான். அவளுக்குக் கொட்டாவி வந்துடுச்சு.

அப்புறம் மூணாவது. சின்னூண்டு டப்பா. ஒரு மோட்டாரு, ஒரு பேட்டரி, ரெண்டு வயரு, மூணு காலு. மாட்டுனா. அசையல. கழட்டி மாட்டுனா. அசையல. வயரை நல்லா முறுக்கி அழுத்தி மாட்டுனா பாரு... டிர்ர்ர்ர்ர்! நண்டு மாதிரி குடுகுடுன்னு மேசைக்கடியில ஓடிடுச்சு!

"சாச்சா! நான் செஞ்சேன்! நானே செஞ்சேன்!"

"அப்போ நாய் வேணாமா?"

ஜுலைகா நாயைப் பாத்தா. நாளைக்கு மானத்தக் காப்பாத்தப் போறது அதுதான். இருந்தாலும், "அதைச் செய்ய நான் வேண்டியதே இல்ல சாச்சா. நண்டையே எடுத்துக்கிறேன்"னா.

தூங்கிட்டியா? ம்... சரி கேளு.

ஞாயித்துக்கிழமை எல்லாரும் வந்துட்டாங்க. ஜுலைகா ரோபோவத் தரையில விட்டா. டிர்ர்ர்ர்.

"இவ்வளவுதானா?"ன்னா முத்துச்செல்வி.

"நேத்துதான் வாங்குனேன். அன்னைக்குச் சொன்னது புளுகு"ன்னா ஜுலைகா.

"போடி, புளுகுணி!"ன்னு முத்துச்செல்வி விறுவிறுன்னு வாசலுக்கு நடந்தா. அப்போ அந்த நண்டு டிர்ர்ர்னு அவ பின்னாலயே ஓடிப் போயி குதிகால்ல இடிச்சுது பாரு, "ஆத்தீ!"ன்னு ஒரே தாவா நாற்காலி மேல ஏறிட்டா! சிரிச்சாங்க சிரிச்சாங்க, அப்படிச் சிரிச்சாங்க. அவளுக்கும் சிரிப்பு வந்துடுச்சு. மெல்ல இறங்கி வந்தா.

"இது எப்படிட்டி ஓடுது?"

ஜுலைகா மூணு காலையும் கழட்டி அவ கையில குடுத்தா. "நீயே மாட்டிப் பாரு."

மாட்டுனா. விட்டா. அது பின்னால பின்னால போயி கட்டிலுக்கடியில பூந்துடுச்சு. அப்புறம் எனக்கு, எனக்குன்னு ஒரே அடிபுடி. பொழுது சாஞ்சிடுச்சு. முத்துச்செல்வி அம்மா தேடிக்கிட்டு வந்து, "வீட்டுக்கு வாறியா இல்லையாட்டி?"ன்னு சத்தம் போடுறாங்க. அவ திரும்பிக்கூடப் பாக்கல.

"இரும்மா! நான் செஞ்சது ஓடுது!"

கதையும் கால நீட்டிப் படுத்துடுச்சு. நீயும் கண்ண மூடித் தூங்கு, தங்கம்.