பன்னிரண்டாவது மைல்

“பயத்தை விடுறது எப்படி, அம்மா?” என்று கேட்டார் தில்லைவாணன்.

அவருக்கு நாற்பத்தெட்டு வயது. குரு அங்கயற்கண்ணிக்கு முப்பத்தொன்பது. கோபுரம் வரைகிறவர்களிடம் வயதுக்கெல்லாம் மரியாதை கிடையாது. வரைந்தது விழாமல் நின்றால்தான் மரியாதை.

“எதுக்குப் பயம்?”

“உயரத்துக்கு. நான் வரைஞ்ச கோபுரம் நாற்பது மைல், அம்மா. உச்சியில நின்னா பட்டப்பகல்லயே வானம் கறுப்பா இருக்கும்.”

அந்த ஊரில் ஒரு வழக்கம். கோபுரத்தை வரைந்தவரின் பிள்ளைதான் உச்சி மாடியில் முதலில் குடியேற வேண்டும். தில்லைவாணனுக்கு ஒரே மகள், முல்லை. இன்னும் அஸ்திவாரமே தோண்டவில்லை, அவள் பெட்டி கட்டி வைத்துவிட்டாள். அந்தப் பெட்டியைப் பார்த்த நாளிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

“கணக்கெல்லாம் சரியா?”

“மூணு தடவை பார்த்துட்டேன். கணக்குல தப்பே இல்லை. இந்தப் பயம்தான் தப்பு. நீங்க முத்திரை வச்சுட்டா போயிடும்.”

குரு வரைபடத்தைத் தரையில் விரித்தார். அஸ்திவாரத்தில் விரலை வைக்கச் சொன்னார்.

“இங்கே முல்லையை விடுவீங்களா?”

“விடுவேன்.”

“மேலே போங்க.”

விரல் ஏறியது. மூன்றாவது மைல்.

“விடுவேன்.”

ஏழாவது மைல்.

“விடுவேன்.”

பத்தாவது மைலிலும் அதையே சொன்னார். குரல் மட்டும் இறங்கியிருந்தது.

பன்னிரண்டில் விரல் நின்றுவிட்டது.

“மேலே போங்க.”

போகவில்லை.

“அங்கே என்ன இருக்கு?”

“ஒண்ணுமில்லை, அம்மா. மத்த இடம் மாதிரிதான். ஒரு மேகம்கூட இருக்காது…”

சொல்லி வாய் மூடவில்லை, முகம் வெளுத்துவிட்டது.

“வெயில்,” என்றார். “மேகம் மறைக்கும்னு வெயிலைக் குறைச்சுப் போட்டேன். கீழே போட்ட அதே கணக்கை உச்சி வரைக்கும் போட்டுட்டேன். அதைத்தான் மூணு தடவையும் சரிபார்த்திருக்கேன். அங்கே மறைக்க மேகமே கிடையாது. வெயில் படுற பக்கத்து இரும்பு நீண்டுடும். மொத்தமும் மறுபக்கம் சாயும். அவ ஜன்னலோரமா உட்கார்ந்திருப்பா…”

அழுதுவிட்டார்.

குரு இடது கையில் முத்திரையை எடுத்தார். வலது கையில் அழிக்கும் ரப்பர். இரண்டையும் அவர் முன்னால் நீட்டினார்.

“பயத்தை விடணும்னு வந்தீங்க. இப்போ விட்டுடலாமா?”

தில்லைவாணன் ரப்பரை வாங்கிக்கொண்டார். இன்னொரு கையின் விரலைப் பன்னிரண்டிலிருந்து எடுக்கவே இல்லை.