சௌந்தரி கட்டின பூச்சி

ஒரு ஊர்ல ஒரு தையல்காரி இருந்தா. நீலகிரி மலையில, எப்பப் பாத்தாலும் பனி மூடிக்கிட்டு இருக்கிற ஊரு. அவ பேரு சௌந்தரி. அவளுக்கு ஒரு தங்கச்சி, பவுனு. ம் கொட்டு, பாப்பா.

"ம்."

பவுனு வயித்துல குழந்தை. எதைச் சாப்பிட்டாலும் உவ்வே உவ்வேன்னு வெளிய வந்துரும். கஞ்சி நிக்கல, ரசம் நிக்கல. கன்னமெல்லாம் ஒட்டிப்போச்சு. அப்புறம் ஒருநாள் மெதுவா சொன்னா, "அக்கா, நம்ம ஓடையில புள்ளி புள்ளியா ட்ரௌட் மீனு இருக்குல்ல, அது கிடைச்சா ஒரு வாய் சாப்பிடுவேன்."

உடனே சௌந்தரி மூங்கில் தூண்டிலை எடுத்துக்கிட்டுப் போனா. முள்ளுல மண்புழுவைக் குத்திப் போட்டா. தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கு. மீனு நிக்கிறது நல்லாத் தெரியுது. ஆனா அது புழுவைத் திரும்பிக்கூடப் பாக்கல. அப்போ தண்ணி மேல ஒரு பூச்சி வந்து உக்காந்துச்சு. இறக்கையை நேரா நிமித்திக்கிட்டு உக்காரும், ஒரே ஒரு நாள்தான் பறக்கும், அந்தப் பூச்சி. மீனு விருட்டுனு மேல வந்து, லபக்.

"அந்தப் பூச்சியவே குத்தலாம்ல?"

குத்திப் பாத்தா, கண்ணு. தொட்டதுமே நசுங்கிப்போச்சு. சரி, நானே ஒண்ணு செய்யறேன்னு வீட்டுக்கு வந்து உக்காந்துட்டா.

முதல்ல சேவலோட செவப்பு இறகை முள்ளுல வச்சு, பளபளன்னு ஜரிகை நூல் சுத்திக் கட்டினா. மீனு வந்துச்சு. மூக்கால ஒரு முட்டு முட்டிட்டுப் போயிருச்சு.

அப்புறம் கண்ணு, காலு, வாலுன்னு எல்லாம் வச்சு அச்சு அசலா ஒண்ணு கட்டினா. பவுனு மடியில வச்சா, அவ "சூ, சூ"ன்னு தட்டிவிட்டா. நூல் பூச்சின்னு தெரிஞ்சதும் எத்தனையோ நாள் கழிச்சு அவ சிரிச்சா. ஆனா தண்ணியில போட்டா, தொபுக். முழுகிப்போச்சு.

சௌந்தரிக்கு அழுகையே வந்துருச்சு. அப்படியே கரையில உக்காந்திருந்தா. அப்போ நிஜப் பூச்சி ஒண்ணு அவ மணிக்கட்டுல வந்து உக்காந்துச்சு. உக்காந்ததே தெரியல. நுனிக்கால்ல நிக்குது. "அடடா, நான் மூட்டையில்ல கட்டி வச்சிருக்கேன்"னு சொல்லிக்கிட்டா. ம்?

"ம்..."

மூணாவதுக்கு மெல்லிசா ஒத்தை நூல்ல உடம்பு. சாம்பல் இறகுல ரெண்டு இறக்கை. சேவலோட கழுத்து இறகைச் சுத்திச் சிலுப்பிவிட்டா, அதுதான் காலு. தண்ணி ஊறாம இருக்க மேல கொஞ்சம் மெழுகு தேச்சா. அவ்வளவுதான். ஓடையில மெதுவா இறக்கினா. மிதந்துச்சு. அப்படியே நடந்து போற மாதிரி போச்சு. மீனு வந்துச்சு, பாத்துச்சு, சௌந்தரி மூச்சே விடல... லபக். தூண்டில் வில்லா வளைஞ்சுபோச்சு. சளப் சளப்னு தண்ணி அவ மூஞ்சியெல்லாம் அடிச்சுச்சு.

மஞ்சள் தடவி, தோசைக்கல்லுல சொய்ங்னு பொரிச்சுக் குடுத்தா. பவுனு ஒரு வாய் தின்னா. அக்கா பக்கத்துலயே சட்டியோட நின்னா, வாந்தி வருமோன்னு. வரல. இன்னொரு வாய், இன்னொரு வாய்னு முள்ளு மட்டும்தான் மிச்சம். அப்புறம் கையைக்கூடக் கழுவாம, மீன் வாசனையோட, அக்கா மடியிலயே சாஞ்சு கண்ணை மூடிட்டா.

கதை அத்தோட சரி. பவுனு தூங்கியாச்சு, நீயும் தூங்கு.