லவார் குடும்பத்துக்கு ஒரே குறி

தொம்மைக்கு இந்த ஜென்மத்தில் ஒரே ஒரு ஆசைதான். ரெஜினாம்மா சலவைக் கடையின் இஸ்திரிப் பெட்டியை ஒருநாளாவது தன் கையால் பிடித்துத் தேய்க்க வேண்டும். பதினோரு வருஷமாகத் துவைக்கிறான். பெட்டிப் பக்கம் போனாலே முதலாளியம்மா விரட்டிவிடுவாள். அதில் நியாயமும் உண்டு. "பெட்டியைப் பார்த்துக்கோ" என்று ஒருமுறை சொல்லிவிட்டுப் போனாள். அவனும் கண் கொட்டாமல் அரைமணி நேரம் பார்த்துக்கொண்டே நின்றான். பெட்டிக்கடியில் அம்மாவின் கோயில் சேலை கருகி முடிந்தது.

கூட வேலை பார்த்தவர்கள் சவரியும் பிச்சையாவும். மூன்று பேர் மூளையையும் சேர்த்து அரைத்தாலும் ஒரு தோசைக்குத் தேறாது. ஆனால் பாவம், நல்ல பிள்ளைகள்.

ஒருநாள் ரெஜினாம்மா மகள் வீட்டுக்குக் கிளம்பினாள். நாளைக் காலையில்தான் வருவாள்.

"தொம்மை, மூணு விஷயம். ஒரு குடும்பத்துத் துணிக்கு மையால ஒரே குறி போடணும். குறி ஒத்துப்போனாத்தான் துணியக் கையில குடுக்கணும். நம்ம குறி விழுந்தது எதுவானாலும் வெளுத்து, கஞ்சி போட்டு, மடிச்சுத்தான் வாசலத் தாண்டணும். ஒரு புகாரும் வரலேன்னா இஸ்திரிப் பெட்டி உனக்கு. வந்துச்சோ, மூணு பேரும் மீன் அறுக்கப் போயிருங்க."

தொம்மை இஸ்திரிப் பெட்டியைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டான்.

அம்மா தலை மறைந்ததும் துறைமுகத்திலிருந்து ஒரு நெட்டை மனுஷர் வந்தார். போர்ச்சுகல்காரர். மூட்டையைப் போட்டு, "லவார்!" என்றார். அவர் பின்னாலேயே ஒரு குண்டு மனுஷர். ஸ்பெயின்காரர். அவரும் "லவார்!" என்றார். மூன்றாவதாக வந்தவர் அடுத்த தெரு வேதமாணிக்கம் வாத்தியார். ஒரு நாட்டுக்கும் சொந்தமில்லாமல், உலகத்துக்கே பொதுவாகச் சிலர் கூடி உட்கார்ந்து செய்த ஈடோ என்ற பாஷையைத் தபாலில் படித்தவர். பேச ஆள் கிடைக்காமல் சலவைக் கடையில் பேசுவார். கோபம் வந்துவிட்டால் அதைத் தவிர வேறு பாஷை அவர் வாயில் வராது. அவரும் மூட்டையைப் போட்டு, "லவார்!" என்றார்.

கடைப் பிள்ளைகள் மூவரும் அசந்துபோனார்கள்.

"சார்வாள், மூணு பேரும் ஒரே வார்த்தையச் சொல்லுதீகளே, எப்படி?" என்றான் தொம்மை.

வாத்தியாருக்குக் குஷி தாங்கவில்லை. "அப்படிக் கேளு! லவார்னா கழுவுறது, வெளுக்கிறது. லத்தீன்னு ஒரு தாய். போர்ச்சுகீசும் ஸ்பானிஷும் அவ பெத்த பிள்ளைங்க. நம்ம ஈடோ பின்னால வந்த தத்துப் பிள்ளை. மூணு பேருக்கும் இந்த வார்த்தை அந்தத் தாய் குடுத்த சொத்துடே!" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

பிச்சையா கண்ணைத் துடைத்துக்கொண்டான். "அண்ணன் தம்பியளா! ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்காமப் போறாகளே."

"சொத்துத் தகராறா இருக்கும்" என்றான் சவரி.

"எது எப்படியோ, ஒரே குடும்பம். ஒரே குறி" என்று தீர்ப்புச் சொன்னான் தொம்மை. மூன்று மூட்டையையும் அவிழ்த்து ஒன்றாகக் கொட்டி, எல்லாத் துணிக்கும் மூன்று புள்ளி வைத்தார்கள்.

மறுநாள் விடிந்ததும் மூன்று பேரும் துணி வாங்க வந்தார்கள். தொம்மை மலைபோல அடுக்கிய துணியை எடுத்தான். எடுத்த கையோடு நின்றான்.

"ஏலே சவரி, குறி ஒத்துப்போகணும்னு அம்மா சொன்னாகளே. துணியில மூணு புள்ளி இருக்கு. இவுக மேல ஒண்ணையும் காணலியே?"

சவரி மூன்று பேரையும் சுற்றி வந்து பார்த்தான். காதுக்குப் பின்னால்கூடப் பார்த்தான். "இல்ல."

"அப்பக் குடுக்க முடியாது."

"குடுக்கலேன்னா புகார் வரும்."

பெட்டி கைநழுவிப் போவது தொம்மைக்குக் கண்ணில் தெரிந்தது. யோசித்தான். அதுதான் வினை. சலவைக் குறி மையை எடுத்து, ஆளுக்கு மூன்று புள்ளி, பிடரியில் பளிச்சென்று வைத்தான்.

"இப்ப ஒத்துப்போச்சு!"

மூன்று பேரும் பிடரியைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தார்கள். அந்த மை சாமானியத்தில் போகுமா? கழுத்தைக் காட்டிக்கொண்டு மூவரும் ஒரே குரலில், "லவார்! லவார்!" என்று கத்தினார்கள்.

"பாத்தியளா, அவுகளே கேக்காக" என்றான் பிச்சையா. "நம்ம குறி விழுந்துட்டுல்லா? வெளுக்காம எப்படி வாசலத் தாண்ட விடுறது?"

"வெள்ளாவியில வைக்கணுமா?" என்றான் தொம்மை.

"பட்டுக்கு ஆவி ஆகாது. தோலும் பட்டு மாதிரிதான். பச்சத் தண்ணி போதும்" என்றான் சவரி. அன்றைக்கு அவன் வாயில் வந்த ஒரே நல்ல வார்த்தை அதுதான்.

ரெஜினாம்மா பஸ்ஸை விட்டு இறங்கிக் கடைக்குள் நுழைந்தபோது, நெட்டை மனுஷரும் குண்டு மனுஷரும் வாத்தியாரும் தொட்டியில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். தாடையில் கஞ்சி சொட்டியது. வாத்தியார் மூக்குக்கண்ணாடி வெள்ளை வெளேரென்றிருந்தது. குண்டு மனுஷரின் இடுப்பைக் கட்டிப் பிடித்து, அவர் தலையை முழங்கால் பக்கம் அமுக்கிக்கொண்டிருந்தான் பிச்சையா.

"அட பாவிகளா! என்னடா பண்ணுதீக?"

தொம்மை நெற்றி வியர்வையை வழித்துவிட்டு நிமிர்ந்தான். முகத்தில் அப்படியொரு பெருமை.

"வெளுத்தாச்சும்மா, கஞ்சியும் போட்டாச்சு. இன்னும் ஒரு புகார்கூட வரல, அவுக பேசுறதுதான் ஒண்ணும் விளங்கல. மடிக்கிறதுதான் வர மாட்டேங்கு, விறைப்பா இருக்காக. ஒருவாட்டி தேய்ச்சா மடிஞ்சிரும்" என்றவன், இரண்டு கையையும் பக்தியோடு நீட்டினான். "இஸ்திரிப் பெட்டியக் குடுங்கம்மா."