மணியைத் தேடிப் போனவர்

போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றபின் சட்டம் படித்து, வழக்கறிஞர் ஹெலனிடம் ஜூனியராகச் சேர்ந்தவர் சுடலைமுத்து. குருவைவிடச் சிஷ்யருக்குத்தான் வயது அதிகம். கறுப்புக் கோட்டுக்குள்ளும் அவர் நெஞ்சு பரேடில் நிற்பதுபோலத்தான் நிற்கும்.

மறுநாள் அவருடைய முதல் வழக்கு. பைக் திருடியதாக மெக்கானிக் இசக்கிமேல் குற்றச்சாட்டு. பைக் அகப்படவில்லை. பார்த்த சாட்சியும் இல்லை. ‘நான்தான் எடுத்தேன்’ என்று ஸ்டேஷனில் அவன் ஒத்துக்கொண்டதாக எழுதியிருந்தார்கள். அவ்வளவுதான்.

“போலீஸ்கிட்ட ஒத்துக்கிட்டது செல்லாதுன்னு சட்டம் சொல்லுது மேடம். அப்ப நாங்கல்லாம் பொய்யங்களா? இதை நான் எப்படி என் வாயால சொல்லுவேன்?”

கேட்கும்போதே அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

“என் பேனாவைக் காணோம்,” என்றார் ஹெலன். “நீங்கதான் எடுத்தீங்க.”

“நானா? இல்லையே!”

“எந்திரிங்க. ஒத்துக்கிட்டா உக்காரலாம்.”

ஏதோ விளையாட்டு என்று சிரித்தபடி எழுந்தார். ஹெலன் கேஸ் கட்டைப் பிரித்துப் படிக்கத் தொடங்கினார். டீ வந்தது, சுடலைமுத்துவுக்கு மட்டும் இல்லை. மேசைமேல் இருந்த அவருடைய போன் அடித்தது. வீட்டுக்காரம்மா. கையை நீட்டினார்.

“ஒத்துக்கிட்டு எடுங்க.”

மூட்டு வலிக்கத் தொடங்கியது. போன் மறுபடியும் அடித்தது.

“சரி மேடம், நான்தான் எடுத்தேன். போதுமா?”

ஹெலன் தன் கைப்பையிலிருந்து பேனாவை எடுத்து மேசைமேல் வைத்தார்.

“உங்களை ஒரு அடி அடிச்சேனா, ஏட்டய்யா?”

அவர் முகம் சுண்டிப்போனது. மெல்ல உட்கார்ந்தார்.

“அப்ப நான் இத்தனை வருஷம் பார்த்த உத்தியோகம்?”

“நீங்க பெருமைப்படுற கேஸ் ஒண்ணு சொல்லுங்க.”

“கோயில் மணி களவுபோன கேஸ் மேடம்!” நெஞ்சு மறுபடி நிமிர்ந்தது. “வண்டித் தடத்தைப் பிடிச்சே போயி, களவாண்டவன் வைக்கோல்போருக்குள்ள இருந்து நானே மணியை வெளிய இழுத்தேன்லா!”

“அவன் ஒத்துக்கிட்டானா?”

“கடைசிவரைக்கும் இல்ல. அவன் ஒத்துக்கிட்டா என்ன, ஒத்துக்காட்டி என்ன? உள்ள போனான்லா!”

சொன்னவர் சட்டென்று இசக்கியின் கேஸ் கட்டை இழுத்துப் புரட்டினார். பைக்கைத் தேடிப் போனதாக அதில் ஒரு வரிகூட இல்லை.

மறுநாள் கோர்ட்டில் அவருடைய பழைய சகாக்கள் வந்திருந்தார்கள். மாஜிஸ்ட்ரேட் கேட்டார்: “நீங்களே போலீஸ்ல இருந்தவர். போலீஸ் எழுதினதை நம்பக் கூடாதுன்னு சொல்றீங்களா?”

“போலீஸ் தேடிக் கொண்டுவந்ததை நம்பணும் ஐயா. இந்த வழக்குல யாருமே தேடல.”

மதியம் இசக்கி விடுதலையானான். வராந்தாவில் சகாக்கள் சுடலைமுத்துவைப் பார்க்காததுபோல் கடந்து போனார்கள். அது அவருக்கு வலித்தது.

“மேடம், நான் கட்சி மாறிட்டேனா?”

ஹெலன் அவரைப் பெருமையோடு பார்த்தார்.

“இல்ல ஏட்டய்யா. அன்னைக்கு மணியைத் தேடிப் போனவர் பக்கம்தான் இன்னைக்கும் நின்னீங்க.”